கப்பல் வேண்டாம்

புதுப்பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனிடம் மூச்சுக்கூட விடாமல் அவன் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மத்தியதரைக் கடலைச் சுற்றி மூன்று நாடு பார்க்க அவள் ஒரு மாதம் மெனக்கெட்டுப் போட்ட திட்டத்தை, டிராவல்ஸ்காரம்மா பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள்.

“இத்தாலியிலேர்ந்து கிரீஸுக்குக் கப்பல் வேண்டாம்.”

“கப்பல்ல போகத்தானே இந்த டூரே!”

“சாருக்கு ஒத்துக்காது. இந்த ஹோட்டலும் வேண்டாம், நூறு படி ஏறணும். முட்டி தாங்காது. துருக்கியில காலைல ஆறு மணி பஸ்ஸா? ஒன்பதுக்கு முன்னாடி எழுந்திருக்கவே மாட்டாரே!”

“என் வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? முதல்முதலா ஜோடியா வெளிநாடு போறோம், எடுத்ததுக்கெல்லாம் வேண்டாம் வேண்டாம்னா? உங்க முதலாளியைக் கூப்பிடுங்க!”

டிராவல்ஸ்காரம்மா பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவை இன்னொரு தரம் பார்த்தாள்.

“ஒரு தடவை கப்பல்ல போனப்போ, கரை வர்ற வரைக்கும் இவருக்கு வாளி பிடிச்சவ நான்தாம்மா. ஆறு வருஷம் குடித்தனம் பண்ணிட்டு விவாகரத்து வாங்கினவ. சொல்லலையா?”

“இதுதான் முதல் கல்யாணம்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரே!”

புதுப்பெண் திட்டத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவைப் பிடுங்கினாள்.

“ஹோட்டலுக்கு இருநூறு படி இருக்கட்டும். மூணு நாட்டுக்கும் கப்பலே போடுங்க, அக்கா.”