வராத அறிவிப்பு

மைசூரு ஹெப்பாளில் உள்ள அந்த அலுவலகத்தின் சர்வர் அறைக்கு வெளியே யாராவது கார்டைக் காட்டினால், கணினியில் அதற்கென ஒரு புதிய ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல், பிறக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை மோகனப்ரியாவின் நிரலுக்கு உடனே தெரிவிக்கும். உள்ளிருந்து அவள் அனுமதித்தால்தான் கதவு திறக்கும்.

டீ வாங்க வெளியே போன சக ஊழியன் கவின்ராஜ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திரையில் அறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

"எப்படிடா உள்ள வந்தே?"

"கதவு வழியாத்தான், மத்தே, வேற எப்படி? செவுத்தைத் தாண்டியா வருவேன்?" என்று சிரித்தான்.

நிரல் நின்றுவிட்டதா என்று பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது அறிவிப்பு வந்தது. கவின்ராஜின் கார்டு.

"அக்கா, தெறங்க. டீ ஆறுது," என்றது வெளியே அவன் குரல்.

உள்ளே இருந்தவனின் கழுத்திலும் கார்டு தொங்கியது. அவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

"தெறக்காதீங்கக்கா," என்றான், வெளியே கேட்காதபடி.