காலி அறைக்கு ஹீட்டர்

டிக்... டிக்... டொங்!

மெலனி குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு ஓடிப்போய், கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் போட்டிருந்தாள்.

கனடாவின் சட்பரியில் ஜனவரி மாதம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இருட்டியதும் இந்தச் சத்தம். தகரத்தை யாரோ விரலால் சுண்டுவதுபோல, அவள் காலுக்கடியிலிருந்து. புருஷன் விட்டுப்போன வீட்டில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறவள் கேட்க வேண்டிய சத்தமா இது?

கீழ்வீட்டில் ஸ்டெஃபா என்ற கிழவி இருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஒண்டிக்கட்டை. படிக்கட்டில் எதிரே வந்தால் "ம்" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

மறுநாள், சர்ச்சின் கீழ்த்தளத்தில் இருந்த உதவி மையத்துக்கு டயாப்பர் வாங்கப் போனாள் மெலனி. வரிசையில் அவளுக்கு முன்னால் ஸ்டெஃபா.

மேஜைக்குப் பின்னாலிருந்த ட்ரூடி, ஸ்டெஃபா உதவி கேட்டு நீட்டிய கரண்ட் பில்லைப் பிடித்து ஆட்டினாள்.

"ஒத்தை ஆளுக்கு இவ்வளவு கரண்ட்டா? வீட்டுக்குள்ள தக்காளி ஏதும் பயிர் பண்றீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ரேட் ஏத்திட்டாங்க. பென்ஷன் ஏறலையே" என்றாள் ஸ்டெஃபா.

"ரேட் எல்லாருக்கும்தான் ஏறியிருக்கு. எந்த ரூம்ல ஹீட்டர் போடுறீங்க?"

"பின்பக்கத்து ரூம்ல. இருட்டினா போடுவேன், விடிஞ்சா அணைப்பேன்."

மெலனிக்கு அப்போதுதான் உறைத்தது. "அட, அந்த டொங்கு டொங்கு சத்தம் உங்க ஹீட்டர்தானா? திருடன் வந்துட்டான்னு நான் தினம் செத்துப் பிழைக்கிறேன்!"

ஸ்டெஃபா திரும்பினாள். "குழந்தை முழிச்சுக்குதா?"

"அவன் சுகமாத் தூங்குறான். எனக்குத்தான் தூக்கம் போச்சு."

"நீங்க இவங்க மாடி வீடா?" ட்ரூடி நிமிர்ந்தாள். "நீங்க எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

ஹீட்டர் பில் கட்ட மெலனியிடம் காசு இல்லை. அதை ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

"நானா? இந்தக் குளிர்காலம் முழுக்க ஹீட்டரைத் தொடவே இல்லைங்க" என்றாள் பெருமையாக. "ஜன்னல் இடுக்குல துணி செருகி, கனமான திரை போட்டிருக்கேன். தொட்டில் ரூம் கதகதன்னு இருக்கு. மனசு வெச்சா யாரும் மிச்சம் பிடிக்கலாம்."

"காதுல விழுந்ததா?" ட்ரூடி பில்லை ஸ்டெஃபாவின் பக்கம் தள்ளினாள். "கைக்குழந்தைக்காரிக்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லையே. வீணடிக்கிறவங்களுக்குக் கொட்டிக் கொடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. முதல்ல அந்த ஹீட்டரை அணைங்க. அடுத்த ஆள் வாங்க!"

ஸ்டெஃபா பில்லை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். போகிற போக்கில், குழந்தையின் குல்லாயைக் காது மூடுகிறவரை இழுத்துவிட்டுப் போனாள்.

அன்றும் இருட்டியது.

டிக்... டிக்... டொங்!

மெலனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டும் இந்தக் கிழவிக்கு என்ன திமிர்! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கிக் கீழ்வீட்டுக் கதவை இடித்தாள்.

"திறந்துதான் இருக்கு."

உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. சமையலறை நாற்காலியில் ஸ்டெஃபா கோட்டு, குல்லாய், கையுறையோடு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச வாய் திறந்தால் புகை வந்தது.

"என்ன இது? ஹீட்டர் ஓடுதே?"

"அந்த ரூம்ல ஓடுது."

மெலனி அந்தக் கதவைத் தள்ளினாள். அனல் அடித்தது. கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. சுவரோரம் நீளமான ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்று காய்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா? நீங்க இங்க விறைச்சுக் கிடந்துட்டு, காலி ரூமுக்கு ஹீட்டர் போடுறீங்களா?"

"முழுசாத் திருகினாத்தான் சூடு கூரையைத் தாண்டும். அந்த வெக்கையில எனக்கு மூச்சு முட்டுதும்மா. லாண்டரியில வெந்த நெஞ்சு இது."

"கூரையைத் தாண்டி எங்க போகணும்?"

ஸ்டெஃபா மேலே பார்த்தாள்.

"தொட்டில் அங்கதானே ஆடுது."

மெலனியும் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"இந்தக் குளிருக்கு ஹீட்டரே போடப் போறதில்லன்னு படிக்கட்டுல நின்னு போன்ல அழுதியே, கேட்டேன். திரைத்துணியாம், கதகதப்பாம்!"

"அந்த ட்ரூடிகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"என்னன்னு? மாடியில ஒரு குழந்தை ஹீட்டர் இல்லாம கிடக்குன்னா? மறுநாளே குழந்தைகள் நல ஆபீஸ்காரங்க வந்து அவனைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நீ வேற, வரிசைக்கே கேக்குற மாதிரி தம்பட்டம் அடிச்ச. அசடு!"

மெலனி விறுவிறுவென்று போய் அந்த ஹீட்டரை அணைத்தாள்.

"ஏய், குழந்தைக்குக் குளிரும்டி!"

"எழுந்திரிங்க."

"எங்கடி இழுக்கிற? மெதுவா, முட்டி வலிக்குது!"

மாடிக்கு வந்ததும் மெலனி தன் ஹீட்டரைத் திருகினாள். இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை. டிக் என்றது.

"அளவாத்தான் வெச்சிருக்கேன், மூச்சு முட்டாது. ஒரே ஹீட்டர், மூணு பேரு, பில்லுல நம்ம ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. நாளைக்கு மறுபடியும் ட்ரூடிகிட்ட போறோம். நான் பேசிக்கிறேன், யாரு வீணடிச்சாங்கன்னு."

"பேசு, பேசு. எனக்கு இடம் மாறினா தூக்கம் வராது. நான் கீழ போறேன்."

"இவனைக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு கையாலயும்."

ஸ்டெஃபா கையுறையைக் கழற்றிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மெலனி கதவருகே போய், உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.