ஒரே கேசட்

மைசூர் அக்ரஹாரத்துக் கார் ஷெட்டின் தகரக் கூரையில் மத்தியான வெயில் கொதிக்கிறது. ராக் பேண்டுப் பையன்கள் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. போன மாதம் ஸ்கூட்டர் விபத்தில் செத்துப்போன லோகநாதனின் அம்மா சுந்தராம்பாள் வந்திருக்கிறார். தொண்ணூற்றிரண்டில் பேண்டை ஆரம்பித்த முதல் டிரம்மர் அவன்தான். பிறகு ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டான். "அவன் அடிச்சதை ஒரு தடவ கேக்கணும்ப்பா" என்கிறார் அம்மா. பாட்டுக்காரன் முரளிதரன் டேப் ரெக்கார்டரை அழுத்துகிறான். டிரம்ஸ் அதிர்கிறது. இப்போதைய டிரம்மர் விஜய்குமார் குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். அம்மாவின் விரல் முழங்காலில் கூடவே தட்டிப் பார்த்து, நின்றுவிடுகிறது. "இது அவன் இல்ல. அவன் அவசரக் குடுக்கை, இவ்ளோ ஒழுங்கா அடிக்க மாட்டான்." முரளிதரன் தலையைக் குனிகிறான். "எங்ககிட்ட இருந்தது ஒரே கேசட்டு ஆன்ட்டி. புது ஆள் சேர்றப்பல்லாம் அதுமேலயே ரெக்கார்ட் பண்ணிட்டோம். விஜி நாலாவது ஆளு." அம்மா கேசட்டை எட்டிப் பார்க்கிறார். "அப்போ இதுக்கு அடியில இருப்பானாப்பா?" கேசட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் முந்தானையை ஒதுக்கிவிட்டு, ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்துக்கொள்கிறார்.