கிட்ட வரும் எதிரொலி

இந்தக் காலத்தில் எல்லாரும் தட்டைப் போட்டுக் காட்டாமலே தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி, கிங்ஸ்டன் நகரின் பழைய இசைத்தட்டுக் கடையில் நின்றார் லாசல்ஸ். கடைக்காரி வெர்னா ஒரு தட்டைச் சுழலவிட்டாள். ப்ளூஸ் கிட்டாருக்கு அடியில் குரலை வெட்டி எதிரொலி சேர்க்கும் டப் இசையின் தாளம் அதிர்ந்தது. பாடகனின் குரலை வெட்டியெடுத்த இடத்தில், "லாசண்ணே, கதவத் தொற" என்று கேட்டது. முப்பது வருஷத்துக்கு முன் ஃப்ளோரிடாவுக்குக் கரும்பு வெட்டப் போய்த் திரும்பாத தம்பி ஆல்வன்தான் அப்படிக் கூப்பிடுவான். அதுவே மறுபடி மறுபடி ஒலித்தது.

"எதிரொலின்னா தேயணும்மா. இது கிட்ட வருது."

"காதுல அழுக்கு, பெருசு!" வெர்னா சிரித்தபடி ஊசியைத் தூக்கினாள்.

புழுதிக்குச் சாத்தியிருந்த தகரக் கதவுக்கு வெளியே, மூச்சிரைக்க அதே குரல் கூப்பிட்டது. கதவும் தட்டப்பட்டது. வெர்னா சிரிப்பை நிறுத்தினாள்.

"உசுரோட இருந்தா ஒரு கடுதாசி போட்டிருப்பான். யார ஏமாத்துறீங்க?" என்று வெர்னாவை முறைத்தார் லாசல்ஸ்.

பின்வாசல் வழியாக வெளியேறி நடந்தார். மூன்று தெரு தாண்டியும் அந்தத் தட்டல் தேயவில்லை. அவர் நம்பவுமில்லை, நிற்கவுமில்லை.