அரசியின் தரப்பு

"விண்வெளிக் கதையை வில்லியே சொல்ற மாதிரி எழுதியிருக்கீங்க. அதுவும் சாரோட வில்லி," என்றார் பதிப்பாளர் அவளிடம். "சார் சம்மதிக்காம நான் அச்சுல ஏத்த முடியாது."

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த 'சார்', பிரபல எழுத்தாளர், உட்கார்ந்திருந்தார். அவருடைய விண்வெளி நாவல்கள் இல்லாத வீடு இல்லை. எல்லாவற்றிலும் ஒரே வில்லிதான். நாயகனின் கப்பலை உடைத்து, அவனைத் தன் கோளிலேயே சிறைவைக்கப் பார்க்கும் அரசி.

"அவ ராட்சசிம்மா," என்றார் எழுத்தாளர். "அவளுக்குப் போய் வக்காலத்து வாங்குறியே."

"அவ ஏன் கப்பலை உடைச்சான்னு ஒரு புத்தகத்துலயாவது சொன்னீங்களா சார்?"

"திமிரு. வேற என்ன?"

"குழந்தைக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. விடியற வரைக்குமாவது இருங்கன்னு கெஞ்சினா. அவன் கேக்கல. அதான் உடைச்சா."

பதிப்பாளர் சங்கடத்துடன் குறுக்கிட்டார். "உங்க முதல் புத்தகம். வாய்ப்பை விட்டுடாதீங்க. அரசி கெட்டவளாவே இருக்கட்டும், அந்த இடத்தை மட்டும் மாத்திக் குடுங்க."

"ஒரு வரிகூட மாத்த மாட்டேன். நீங்க போடலன்னா வேற யாராவது போடுவாங்க."

எழுத்தாளர் சிரித்தார். "என் கதையையே ஒழுங்கா படிக்காம வந்து வீராப்பு பேசுற. அரசிக்குக் குழந்தையே கிடையாதே."

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"விட்டுட்டுப் போன குழந்தையை நீங்க எப்படி எழுதுவீங்க? அதான் நானே எழுதிட்டு வந்திருக்கேன், அப்பா."