மீன்தலைக்கு வந்த சோதனை

சமோவாவின் சுவரில்லாத வீட்டில் நடுப்பகல் வெயில் தூணுக்குத் தூண் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறது. விருந்தாளி சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் வீட்டார் சாப்பிடலாம். மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று வெளிநாட்டு விருந்தாளி மார்ட்டின் தட்டை வழித்துவைக்கிறான். காலித் தட்டைக் கண்ட வீட்டுக்காரி லூப்பே, "பாவம், புள்ளைக்கு இன்னும் பசி," என்று மறுபடி கிழங்கை அடுக்குகிறாள். ஓலை விசிறியால் ஈயோட்டும் அவள் கணவன் செமிசியின் வயிறு, தேங்காய்ப்பாலில் கிடக்கும் கடைசி மீன்தலையைப் பார்த்து உறுமுகிறது. நாலாவது தட்டும் காலியாகப்போகிறது, ஒரே ஒரு கிழங்குதான் பாக்கி. லூப்பேயின் கரண்டி மீன்தலையைத் தொடுகிறது. "தம்பி, கொஞ்சம் மிச்சம் வையேன்! நீ நிறுத்தினாத்தான் நாங்க ஆரம்பிக்க முடியும்!" செமிசி விசிறியோடு கெஞ்சுகிறான். "மிச்சம் வைக்கலாமா?" மார்ட்டின் கடைசிக் கிழங்கைத் தட்டிலேயே விடுகிறான். வீடே கைதட்டுகிறது. "வயிறு நெறஞ்சுதா?" என்கிறாள் லூப்பே. "மொதத் தட்டுலயே நெறஞ்சிடுச்சும்மா." மீன்தலையை உறிஞ்சும் செமிசிக்குச் சிரிப்பில் புரையேறுகிறது.