பிரேக் லைட் எரிந்தது

"வண்டி வேகமா வந்துச்சா?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"இல்லைங்கய்யா," என்றார் சாட்சிக் கூண்டில் நின்ற ஏட்டு.

"கோணல்மாணலா ஓடுச்சா?"

"இல்லைங்க. ஒழுங்காத்தான் வந்துச்சு."

"பிரேக் லைட்?"

பின் பெஞ்சில் இருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரேக் லைட் எரியவில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும் என வாசலிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்திய வண்டி என்றால் வழக்கு நிற்காது. ஓட்டி வந்த கம்பெனி முதலாளி குடித்திருந்தது ஊதிப் பார்க்கும் கருவியில் பதிவாகியிருந்தாலும் நிற்காது.

"நல்லா எரிஞ்சுதுங்க," என்றார் ஏட்டு.

வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?"

"சட்டம் ஒத்துக்கிற மாதிரி காரணம் எதுவும் இல்லைங்கய்யா."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மனம்போன போக்கில் வண்டியை மறிக்கிறவர் கையில் அதிகாரம் இருப்பது ஆபத்து என்று தீர்ப்பிலேயே எழுதி, வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஏட்டுக்கு வரவிருந்த பதவி உயர்வும் கூடவே தள்ளுபடியானது.

விடுதலையான முதலாளி வெளியே வந்து ஏட்டின் தோளைத் தட்டினார். இனிமேலாவது ஆள் பார்த்துக் கை காட்டும்படி புத்தி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இன்ஸ்பெக்டர் ஏட்டை ஓரமாக இழுத்துப் போனார்.

"தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவாங்களாய்யா? அந்தாளு குடிச்சிருந்தது நிஜம்தானே?"

"நிஜம்தாங்க. ஆனா வாடை நிறுத்துனப்புறம்தான் வந்துச்சு."

"அதுக்கு முன்னால என்னதான்யா பார்த்த?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி நம்பரைங்க. என் பொண்ணை அழவெச்சு, வேலைய விட்டே ஓடவெச்ச முதலாளி அவர்தான். நான் அவ அப்பான்னு அவருக்குத் தெரியாது. அவளைக் கூட்டிட்டு வரப் போறப்பல்லாம் ஆபீஸ் வாசல்ல பார்த்த வண்டி. ரோட்டுல பார்த்ததும் கை தானா நீண்டுருச்சு."

இன்ஸ்பெக்டர் கார் போன திசையைப் பார்த்தார்.

"அப்படின்னா நீ பொய் சொல்லியிருக்கணுமேய்யா," என்றார்.

"எத்தனையோ வண்டி லைட்டை வாயாலேயே அணைச்சவன்தாங்க நான்," என்றார் ஏட்டு. "பகையாளி வண்டின்னதும் பொய் சொல்ல நாக்கு புரளலை."